குடம், குக்கர் கைப்பிடி, குக்கர் ரப்பர்: மூன்றும் ஒன்றா?



இந்த மாதப் பாடத்துக்கு நோட்டும் பேனாவும் வேண்டாம். உங்க சமையலறைக்குள்ள போய் மூணு பொருளை எடுத்து வந்து முன்னால வச்சுக்கோங்க. ஒன்று, தண்ணி பிடிக்கிற பிளாஸ்டிக் குடம். இரண்டு, குக்கர் மூடியின் கறுப்புக் கைப்பிடி. மூன்று, அந்த மூடிக்குள் மாட்டும் ரப்பர் வளையம். கேஸ்கட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

மூன்றையும் நாம் ‘பிளாஸ்டிக், ரப்பர் சாமான்’ என்று ஒரே பையில் போட்டுத்தான் காயலான் கடைக்கு அனுப்புகிறோம். ஆனால் மூன்றும் மூன்று குணம். அந்தக் குணம் தெரிந்தால் எதை எடைக்குப் போடலாம், எதைக் கொளுத்தக் கூடாது, எதை எப்போது மாற்றணும் என்று நாமே முடிவு செய்யலாம். எந்த வேலையை என்ன கூலிக்கு ஒப்புக்கொள்ளணும் என்பதும் புரியும். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற நமக்கு இது வீட்டுச் சங்கதி மட்டுமல்ல, பிழைப்புச் சங்கதியும்கூட.

நம் ஊரைச் சுற்றி ரப்பர்

1990-களின் கடைசியில் மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று கார் தொழிற்சாலைகள் வந்தன. ஃபோர்டு 2022-ல் இங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் இதற்கிடையில் இந்தப் பகுதி முழுக்க வண்டித் தொழில் வேர்விட்டுவிட்டது. 2010-ல் ஒரகடத்தில் அப்போலோ டயர் தொழிற்சாலை தொடங்கியது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1946-ல், சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்து தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். பலூனும் ரப்பர்தான், லாரி டயரும் ரப்பர்தான்.

ஒரு காரில் டயரைத் தவிர எத்தனை ரப்பர் இருக்கு தெரியுமா? கண்ணாடியைச் சுற்றிய பீடிங், மழை துடைக்கும் வைப்பர், எஞ்சின் அதிராமல் தாங்கும் கட்டை, தண்ணீரும் எண்ணெயும் போகும் ஹோஸ், நூற்றுக்கணக்கில் வாஷர், வளையம். இவற்றைச் செய்து கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் நம் சிட்கோ, சிப்காட் பகுதிகளில் நிறைய. பிசிறு வெட்டுவது, சோதித்துப் பிரிப்பது, எண்ணிக் கட்டுவது போன்ற வேலைகளில் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

பாலிமர் என்றால் என்ன?

குடம், கைப்பிடி, ரப்பர் மூன்றுக்கும் பொதுப்பெயர் பாலிமர். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ‘பலபடி’ என்று இருக்கும். மல்லிகைப் பூவை ஒவ்வொன்றாக வைத்துச் சரம் தொடுப்பது போல, கண்ணுக்குத் தெரியாத சின்னத் துகள்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீளமான இழையானால் அதுதான் பாலிமர். இப்படி நீள இழையாகத்தான் இருக்கிறது என்று 1920-ல் சொன்னவர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. அப்போது பலர் நம்பவில்லை. 1953-ல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.

எல்லா பாலிமரும் ஆலையில் செய்ததல்ல. நம்ம பருத்திப் புடவை, பட்டு, மரக்கட்டை எல்லாவற்றுக்குள்ளும் இதே மாதிரி நீள இழைதான். மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலும் அப்படியே.

சரி, எல்லாமே இழை என்றால் குணம் ஏன் மாறுது? இழைகளுக்கு நடுவே முடிச்சு இருக்கா, எத்தனை முடிச்சு இருக்கு, இழை நெளிந்து ஆட இடம் இருக்கா என்பதுதான் விஷயம். இன்றைய பாடத்தின் சாரமே இந்த ஒரு வரிதான்.

முதல் வகை: குடம்

குடத்துக்குள் இருக்கும் இழைகளுக்கு நடுவே முடிச்சே இல்லை. இடியாப்ப இழைகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று நெருக்கமாகப் படிந்து கிடக்கின்றன. அதனால்தான் குடம் விறைப்பாக நிற்கிறது. சூடு காட்டினால் இழைகள் வழுக்கி நகரும், பொருள் உருகும். ஆறினால் மறுபடி இறுகும். வெல்லப்பாகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை இளகும் வகை பிளாஸ்டிக் என்பார்கள். குடம், பக்கெட், பால் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் இந்த வகை.

ஒரு பழைய கேரி பேக்கின் காதை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீளும். விட்டால் அப்படியே நீண்டபடி நிற்கும், பழைய அளவுக்கு வராது. இழைகள் வழுக்கிப் போய்விட்டன, பிடித்து இழுத்துவர முடிச்சு இல்லை.

இரண்டாம் வகை: குக்கர் கைப்பிடி

இதற்குள் இழைகள் எல்லாப் பக்கமும் நெருக்கமாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. நகர வழியே இல்லை. அதனால் இழுத்தால் நீளாது, சூட்டில் உருகாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் கருகும், அவ்வளவுதான். இட்லி மாவு வெந்து இட்லியான பிறகு மறுபடி மாவாக்க முடியுமா? அதே கதை. இதை இறுகும் வகை பிளாஸ்டிக் என்பார்கள். கைப்பிடி பேக்லைட் என்ற பொருளால் ஆனது. 1907-ல் லியோ பேக்லண்ட் என்பவர் உருவாக்கியதால் அந்தப் பெயர். சுவிட்சு, மெலமைன் தட்டு எல்லாம் இந்தக் கூட்டம்.

மூன்றாம் வகை: ரப்பர்

இதைத்தான் எலாஸ்டோமர் என்கிறார்கள். ‘எலாஸ்டிக்’ நமக்குத் தெரிந்த வார்த்தைதானே. பாவாடையிலும் பிள்ளைகள் நிக்கரிலும் வைக்கிற நாடாவுக்குள் இருப்பதும் ரப்பர் இழையே.

இதன் இழைகள் சிக்கலாகிப் போன கம்பளி நூல் உருண்டை மாதிரி சுருண்டு கிடக்கும். சும்மா கிடக்காது, சாதாரண வெயில் சூட்டிலேயே எந்நேரமும் நெளிந்துகொண்டே இருக்கும். அங்கொன்று இங்கொன்றாக முடிச்சு இருக்கும். குடத்தைப் போல முடிச்சே இல்லாமலும் இல்லை, கைப்பிடியைப் போல நெருக்கமான முடிச்சும் இல்லை. இழுத்தால் சுருண்ட இழை நீட்டிக்கொள்ளும். அதனால் நல்ல ரப்பர் தன் நீளத்தைப்போல ஐந்து, ஆறு மடங்குகூட நீளும். முடிச்சு இருப்பதால் இழைகள் வழுக்கி ஓட முடியாது. விட்டதும் பழையபடி சுருண்டுகொள்ளும்.

இதைக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்டை எடுங்கள். சட்டென்று இழுத்து, இழுத்தபடியே உதட்டில் வையுங்கள். லேசாகச் சுடும். கொஞ்ச நேரம் இழுத்தே பிடித்து, பிறகு சட்டென்று தளர்த்தி உதட்டில் வையுங்கள். குளிரும். 1805-லேயே ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் இதை எழுதி வைத்திருக்கிறார். கேரி பேக்கும் கைப்பிடியும் இந்த வித்தையைக் காட்டாது.

இரண்டே கேள்வியில் மூன்றையும் பிரித்துவிடலாம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சூட்டில் உருகுமா? குடம் உருகும். கைப்பிடி உருகாது. ரப்பரும் உருகாது.
இழுத்து விட்டால் திரும்புமா? குடம் திரும்பாது. கைப்பிடியை இழுக்கவே முடியாது. ரப்பர் திரும்பும்.

முடிச்சு எங்கிருந்து வந்தது?

மரத்தில் வெட்டி எடுக்கும் ரப்பர் பாலில் இந்த முடிச்சு கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியற்காலையில் மரத்தைக் கீறி, சிரட்டையில் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட்டாகத் தேய்த்துக் காயப்போடுவார்கள். அந்தப் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். டயருக்கு ஆகாது.

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் பல வருஷம் முயன்று, 1839-ல், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது பிசுபிசுக்காது, விறைக்காது என்று கண்டுபிடித்தார். கந்தகம்தான் இழைக்கும் இழைக்கும் நடுவே முடிச்சுப் போடுகிறது. பாவம், கடனாளியாகவே 1860-ல் இறந்தார். பஞ்சர் கடை போர்டில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த வேலைக்குப் பெயர். பட்டறையில் ‘கியூரிங்’ என்று சொல்வதும் இதையே.

இதில் ஒரு அதிசயம் இருக்கு. 100 கிலோ ரப்பருக்கு 2, 3 கிலோ கந்தகம் சேர்த்தால் வளைந்து கொடுக்கும் ரப்பர். அதையே 30 கிலோவுக்கு மேல் சேர்த்தால் கல் மாதிரி எபோனைட் ஆகிவிடும். பழைய மைப் பேனாக்கள் அதில்தான் செய்யப்பட்டன. பால் அதே பால்தான். முடிச்சு கூடியதும் ரப்பர், கைப்பிடிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு உலகம் முழுக்க ரப்பருக்கு அலைந்தார்கள். 1876-ல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. பிறகு மலேயாவில் காடழித்து ரப்பர் தோட்டம் போட்டபோது, பால்மரம் வெட்டக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டு ஏழைகள். பெண்களும் இருட்டிலேயே எழுந்து மரம் வெட்டினார்கள். உலகத்து வண்டிகள் ஓடியதில் அவர்கள் உழைப்பும் உருண்டிருக்கிறது.

பிற்பாடு பெட்ரோலியப் பொருட்களிலிருந்தும் ரப்பர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். எண்ணெய் பட்டால் ஊதிப்போகாத நைட்ரைல் ரப்பர், அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் ரப்பர் என்று ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொன்று. முடிச்சுக் கணக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

வளையம் சின்னது, வேலை பெரியது

குக்கருக்குள் நீராவி சுமார் 120 டிகிரி சூட்டில் நிற்கிறது. அந்த இடத்தில் சாதா பிளாஸ்டிக் வளையம் வைத்தால் இளகிக் கோணிவிடும். கைப்பிடிப் பொருளை வைத்தால் வளைந்து கொடுக்காது, இடுக்கு விழும். சூட்டைத் தாங்கவும் வேணும், அழுத்தினால் அமுங்கி மறுபடி நிமிர்ந்து இடுக்கை அடைக்கவும் வேணும். அது ரப்பரால்தான் முடியும்.

ஆனால் ரப்பருக்கும் வயசாகும். சூடும் காற்றும் பட்டுப் பட்டு முடிச்சுகள் கூடும், அல்லது இழைகள் அறுந்துபோகும். ரப்பர் விறைக்கும், வெடிக்கும். அப்புறம் அமுக்கினால் நிமிராது. வளையத்தை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, தொளதொளவென்று நீண்டுவிட்டாலோ மாற்றிவிடுங்கள். குளிர்ந்த தண்ணியில் போட்டு மாட்டினால் ஒரு நாள் பிடிக்கும், உண்மைதான். அப்படிப் போட வேண்டிய நிலை வந்தாலே மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கேஸ் டியூப்பும் அப்படியே. கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தேதி டியூப் மேலேயே அச்சாகியிருக்கும், இன்றைக்கே பாருங்கள். கசிவு சந்தேகம் இருந்தால் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்கள், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள். சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

‘ஒரு ரப்பர் வளையத்துக்கு இவ்வளவா?’ என்று நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள், ஒருவர் பள்ளி ஆசிரியை. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, உடனே நிமிராமல் போனதுதான் காரணம். விசாரணையில் ஃபெயின்மன் என்ற விஞ்ஞானி அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் அழுத்தி ஐஸ் தண்ணியில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். எடுத்துத் தளர்த்தியதும் அது சட்டென்று நிமிரவில்லை. இழை நெளிந்தால்தான் ரப்பர் ரப்பராக இருக்கும். குளிர் ஏற ஏற நெளிவு நின்றுபோகும்.

கெட்டுப்போன பீஸுக்கு ஏன் காசு பிடிக்கிறார்கள்?

குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு தங்கை கேட்டார்: “அக்கா, முன்னாடி பிளாஸ்டிக் மோல்டிங்ல இருந்தேன். அங்க பீஸ் கெட்டுப்போனா அரைச்சு மறுபடி மெஷின்ல போட்டுடுவாங்க. இப்ப ரப்பர் பட்டறையில பிசிறு வெட்டுறேன். கத்தி கொஞ்சம் உள்ள போனாலும் ரிஜெக்ட், கூலியில பிடிக்கிறாங்க. ஏன்க்கா?”

நல்ல கேள்வி. பதில் நம்ம பாடத்திலேயே இருக்கு. பிளாஸ்டிக் உருகும், அதனால் மறுபடி அச்சில் ஊற்றலாம். ரப்பர் ஒருமுறை வெந்துவிட்டால் முடிச்சு விழுந்தாச்சு, மறுபடி அச்சுக்குத் திரும்பாது. முடிச்சை அவிழ்த்து எடுக்கும் ‘ரிக்ளெய்ம்’ முறை உண்டு. ஆனால் அதில் வரும் ரப்பருக்குப் புது ரப்பரின் பலம் இருக்காது. அதனால் ரப்பரில் ஒரு பீஸ் போனால் பெரும்பாலும் போனதுதான்.

ஆகவே குழுவாக பீஸ் ரேட்டில் ரப்பர் வேலை எடுக்கும்போது முதல் நாளே இவற்றைப் பேசி எழுதி வாங்குங்கள்:

1. பீஸ் எதனால் கெட்டது? கத்தி பட்டதா? அல்லது வரும்போதே குமிழி, வேகாத இடம், அச்சுக் கோணல் இருந்ததா? பின்னது நம் தப்பல்ல, அதற்குப் பிடித்தம் கூடாது.
2. வாங்கும்போதே ஒவ்வொரு மூட்டையிலும் சில பீஸை எடுத்துப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
3. நூற்றுக்கு எத்தனை ரிஜெக்ட் வரை பிடித்தம் இல்லை என்று ஓர் அளவு வையுங்கள். கை பழகும் முதல் வாரத்துக்குத் தனி அளவு கேளுங்கள்.
4. பட்டறைக்குள் வேலை என்றால் காற்றோட்டம், மாஸ்க், கை கழுவ சோப்பு, இ.எஸ்.ஐ. அட்டை கேளுங்கள். ரப்பரை வேகவைக்கும் புகையும் கலவைத் தூசியும் சாதாரணமல்ல. ரப்பர் உற்பத்தி வேலைச் சூழல் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வேலைக்குக் கட்டிய துணியோடு கைக்குழந்தையைத் தூக்காதீர்கள்.

எடைக்குப் போடுவதும் ரோடு போடுவதும்

வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் வேறு, ரப்பர் வேறு என்று பிரியுங்கள். உருக்கும் மூட்டையில் செருப்புத் துண்டோ வாஷரோ கலந்தால் அது உருகாமல் கட்டியாக நின்று மொத்த மாலையும் கெடுக்கும். பிரித்துக் கொடுத்தால்தான் நல்ல விலை கேட்க வாய் வரும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பழைய பிளாஸ்டிக்கைப் போட்டுத் தார்ச்சாலை அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழ்நாட்டில் பல இடங்களில் இதற்குப் பிளாஸ்டிக்கைச் சேகரித்துத் துண்டாக்கிக் கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுக்கள்தான். சூடான ஜல்லிமேல் துண்டுகளைத் தூவினால் உருகிக் கல்லை மூடிக்கொள்ளும். முடிச்சு இல்லாததால் முடிகிற காரியம் இது. டயரை அப்படித் தூவ முடியாது. அதைப் பொடியாக அரைத்துத் தாரோடு கலக்கும் முறை தனியாக இருக்கு. தேய்ந்த லாரி டயருக்கு மேல்பட்டை மட்டும் புதிதாக ஒட்டும் ரீட்ரேடிங்கும் உண்டு.

எந்தக் காரணத்துக்கும் டயரைக் கொளுத்தாதீர்கள். உருகாத பொருள் எரியும்போது கரும்புகையும் கந்தகப் புகையும் நச்சுப் பொருட்களும் வரும். போகி அன்று பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டு வந்தால் வாங்கி உள்ளே வையுங்கள். அடுப்புப் பற்றவைக்க டியூப் துண்டு போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கொல்லையில் கிடக்கும் பழைய டயரில் மழைத்தண்ணி நின்றால் டெங்கு கொசு முட்டையிடும். ஓட்டை போட்டு வையுங்கள், அல்லது மண் நிரப்பிச் செடி வையுங்கள். 2022 முதல் பழைய டயர்களை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை டயர் உற்பத்தியாளர் மீதே மத்திய அரசின் விதிகள் சுமத்தியிருக்கின்றன. அதனால் டயரைத் தனியாகச் சேர்த்து வைத்துக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கு.

கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் உள்ள பத்துப் பொருட்களைச் சொல்லி, மூன்று வகையில் எதில் சேரும் என்று பிரியுங்கள். எரித்துப் பார்க்கக் கூடாது. இழுத்தும் வளைத்தும் மட்டும் பாருங்கள்.
2. ஒவ்வொரு உறுப்பினரும் கேஸ் டியூப் தேதியைப் பார்த்து வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். தேதி தாண்டியவர்கள் எத்தனை பேர்? மாற்ற வசதி இல்லாதவருக்குக் குழுச் சேமிப்பிலிருந்து சிறுகடன் தரலாமா?
3. ரப்பர் பட்டறையில் வேலை செய்யும் உறுப்பினர் யார் யார்? பிடித்தம் எப்படிப் போடுகிறார்கள்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
4. நம் ஊரில் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தனித்தனியாகச் சேர்க்க ஊராட்சியில் இடம் கேட்கலாமா?

படிக்கத் தெரிந்த சகோதரிகள் இதை மற்றவர்களுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். ரப்பர் பேண்ட் சோதனையை மறக்காமல் செய்யுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பதில்களைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி இதுதான்: கேஸ் டியூப் தேதி பார்த்தாச்சா?